செம்புக் கம்பிக்கு ஒரு சட்டை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நம்ம மாவட்டத்துக்கு உபயோகமா இருக்கிற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். நான் வேதியியல் படித்தவன். எனக்கு இத்தனை வருஷமாகச் சோறு போட்டது மின்சாரக் கம்பியின் மேல் இருக்கிற பூச்சு. கம்பியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். சுத்தமான செம்பா, எத்தனை கேஜ், கிலோ என்ன விலை என்று கேட்பார்கள். அதன் மேல் உள்ள சட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மோட்டார் எரிவதும், மனிதன் ஷாக் அடித்துச் சாவதும் செம்பு கெட்டுப்போய் அல்ல, சட்டை கிழிந்துபோய்! அதனால் இன்றைக்கு அந்தச் சட்டையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தருமபுரியில் இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. நம் மாவட்டம் பாறைப் பூமி. கிணறு வற்றிப் போர் போட்டோம். இருநூறு அடி, ஐந்நூறு அடி என்று இறங்கி, இன்று பல இடங்களில் ஆயிரம் அடியைத் தொட்டுவிட்டோம். தக்காளியும் கரும்பும் மாவும் அந்த ஆழத்தில் தண்ணீருக்குள் சுற்றுகிற ஒரு மோட்டாரை நம்பி நிற்கின்றன. அந்த மோட்டார் ஒரு பிளாஸ்டிக் உறையை நம்பி இருக்கிறது. மேலே வருகிற கேபிளோ, ஒரு மெக்கானிக் வரப்பு மேட்டில் உட்கார்ந்து கையால் சுற்றிய ஒரு ஜாயிண்ட்டை நம்பி இருக்கிறது. ஆகவே, கம்பிச் சட்டையின் வேதியியலை வேறு எந்த ஊரை விடவும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரம்பும் தாரும் தொடங்கி வைத்த கதை

கம்பிக்குச் சட்டை போடும் வேலையில் நம் நாட்டுக்கும் ஒரு பழைய பங்கு உண்டு. 1839இல் கல்கத்தாவில் ஓ'ஷாஹ்னஸி என்ற டாக்டர் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டுப் பார்த்தார். அப்போது பி.வி.சி. ஏது? கம்பிக்குத் தார் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, தார் தோய்த்த கயிற்றைச் சுற்றினார். செய்தி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு மலாய் நாட்டு மரத்துப் பால் ஒன்று வந்தது. கட்டாபர்ச்சா என்பார்கள். ரப்பருக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. வெந்நீரில் போட்டால் இளகும், குளிர்ந்தால் இறுகும், கடல்நீரில் அழியாது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுதான் சட்டை.

மோட்டாரும் டைனமோவும் வந்தபோது காயிலுக்குத் துணியும் நூலும் சுற்றி, அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அரக்கு என்பது பூச்சி தருகிற பிசின். நம் நாட்டுக் காடுகளில் இருந்துதான் உலகத்துக்குப் போயிற்று. மின்சாரத் தொழில் வளர வளர அரக்கு விலையும் ஏறியது. அதற்கு மாற்றுத் தேடப் போய்த்தான் லியோ பேக்லண்ட் 1907இல் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். நம் வீட்டுப் பழைய கறுப்பு ஸ்விட்ச் நினைவிருக்கிறதா? அதுதான்.

இப்போது பி.வி.சி.க்கு வருகிறேன். 1926இல் அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன் என்ற வேதியியலார், ரப்பரை இரும்போடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி. அதற்கு முன்பே தெரிந்த பொருள்தான். ஆனால் உடையும், ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர் அதை அதிகக் கொதிநிலை உள்ள ஒரு திரவத்தில் சூடுபண்ணிப் பார்த்தார். ஆறியதும் கையில் வந்தது பசை அல்ல. ரப்பர் போல வளைகிற ஒரு பொருள். இன்று வீட்டு வயரின் மேல் இருக்கும் சட்டை அப்படிப் பிறந்ததுதான்.

அந்தக் குட்ரிச் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு தமிழ்நாட்டில் பி.வி.சி. ஆலை எங்கே வந்தது தெரியுமா? ஒகேனக்கல்லில் விழுகிற தண்ணீர் போய்ச் சேர்கிற மேட்டூரில்! 1967இல் கெமிக்கல்ஸ் அண்ட் பிளாஸ்டிக்ஸ் இந்தியா அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. நம் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆக, இந்தச் சங்கதி சீமையில் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை.

தலைமுடியில் பாதி

வைண்டிங் கடைக்குப் போனால் பளபளவென்று செம்பு நிறத்தில் கம்பிச் சுருள் இருக்கும். "வெறும் கம்பிதானே, ஒன்றோடொன்று தொட்டால் ஷார்ட் ஆகாதா?" என்று பலர் கேட்பதுண்டு. அது வெறும் கம்பி அல்ல, எனாமல் வயர். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பாலிமர் பூச்சு இருக்கிறது. பாடநூலில் பலபடி என்று படித்தீர்களே, அதுதான். அரை மில்லிமீட்டர் கம்பிக்கு ஒரு பக்கத்துப் பூச்சு சுமார் 0.025 மி.மீ. இருக்கும். தலைமுடியின் பருமனில் பாதிக்கும் குறைவு. அந்தப் பூச்சு சில ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும் என்றால் நம்ப முடிகிறதா?

அதை ஒரே தடவையில் பூச முடியாது. கரைப்பானில் கரைத்த பிசின் தொட்டிக்குள் கம்பி போகும். பிறகு பல நூறு டிகிரி சூட்டில் உள்ள அடுப்புக்குள் போகும். கரைப்பான் ஆவியாகி, பிசின் இறுகும். மறுபடி தொட்டி, மறுபடி அடுப்பு. இப்படிப் பல சுற்று. நம் வீட்டில் ராகி அடையை ஒரேயடியாகத் தடிமனாகத் தட்டினால் உள்ளே வேகாது அல்லவா? அதே நியாயம்தான். ஒரு சுற்றில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும், அடுத்த சுற்று அதை மூடிவிடும். எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழுவது அபூர்வம்.

அந்தப் பிசினும் காலத்துக்குக் காலம் மாறியது. முதலில் எண்ணெய்ப் பிசின். 1930களின் இறுதியில் பாலிவினைல் ஃபார்மல். பின்பு பாலியூரித்தேன், பாலியெஸ்டர், பாலியெஸ்டர்-இமைடு, பாலியமைடு-இமைடு என்று வரிசையாக வந்தன. பாலியூரித்தேன் பூச்சு, பற்றவைக்கும் சூட்டிலேயே உருகி விலகிவிடும். ரேடியோ மெக்கானிக்குக்கு அது வசதி. பாலியெஸ்டர் பூச்சைப் பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பம்ப் மோட்டாருக்கு அந்தப் பிடிவாதம்தான் நல்லது.

இந்தப் பூச்சுகளுக்குச் சூட்டைத் தாங்கும் வகுப்பு உண்டு. பி வகுப்பு 130 டிகிரி, எஃப் வகுப்பு 155, எச் வகுப்பு 180 டிகிரி சென்டிகிரேடு. "155 டிகிரி தாங்கும்" என்றால் 156இல் செத்துவிடும் என்று பொருள் அல்ல. சூடு ஏற ஏற, பாலிமரின் நீண்ட சங்கிலிகள் ஆக்சிஜன் பட்டு அறுந்துகொண்டே வரும். பூச்சு நொறுங்கும் தன்மை அடையும், விரிசல் விடும். தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி, பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு.

தகடூர் என்றதும் அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மோட்டாருக்கும் ஆயுளை நீட்டிக்கும் ஒரு நெல்லிக்கனி உண்டு. அதன் பெயர் பத்து டிகிரி குறைவு. அதற்கு மலையேற வேண்டாம். சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கம்பியில் பிறக்கும் சூடு, ஓடுகிற கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் 20 சதவீதம் கூடினால் சூடு 44 சதவீதம் கூடும். லோ வோல்ட்டேஜில் மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிகக் கரண்ட்டை இழுக்கிறது. மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மற்ற இரண்டு ஃபேஸின் மேல் பாரம் ஏறுகிறது. நம் பக்கத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். மூன்று ஃபேஸ் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு இரண்டு ஃபேஸில் மோட்டாரை ஓட்டுவது. பயிர் காய்கிறபோது விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பூச்சு தன் ஆயுளில் இருந்து பல மணி நேரத்தைக் கொடுக்கிறது. தண்ணீர் இலவசமாக வருகிற மாதிரி தெரியும். காயில் கட்டும் நாளில் கணக்கு வரும்.

சப்மர்சிபிள் மோட்டாருக்கு இன்னொன்று. அதைச் சுற்றி ஓடுகிற தண்ணீர்தான் அதற்கு விசிறி. மோட்டார் அடிச்சேற்றில் புதைந்து நின்றாலும், நம் ஊர் உப்புத் தண்ணீரால் மேலே சுண்ணாம்புப் படிவு கட்டினாலும், போரில் தண்ணீர் இறங்கி வெறுமனே ஓடினாலும் அந்த விசிறி நின்ற மாதிரிதான்.

வைண்டிங் கடை நண்பர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே வைக்கும் மோனோபிளாக் மோட்டாரில் பழைய காயிலை எடுக்க, ஸ்டேட்டரை அப்படியே தீயில் போடும் பழக்கம் இருக்கிறது. பழைய வார்னிஷ் எரிந்து காயில் சுலபமாக வந்துவிடும், உண்மைதான். ஆனால் ஸ்டேட்டர் என்பது ஒற்றை இரும்பு அல்ல. மெல்லிய தகடுகளை அடுக்கி, ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவே ஒரு காப்புப் பூச்சு வைத்திருக்கிறார்கள். தீ அதையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. அப்புறம் இரும்பே சூடாகும். புதுக் கம்பி போட்டும், "முன்ன மாதிரி ஓடலீங்க, சீக்கிரம் சூடாவுது" என்று விவசாயி வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதேபோல வார்னிஷ். அது மினுமினுப்புக்காக ஊற்றுவது அல்ல. சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டி அசையாமல் பிடிக்கிற பசை அது. மோட்டார் ஓடும்போது கம்பிகள் விநாடிக்கு நூறு தடவை அதிர்கின்றன. பிடிப்பு இல்லாவிட்டால் ஒன்றோடொன்று உரசிப் பூச்சு தேயும். இடைவெளியை நிரப்பிச் சூட்டை வெளியே கடத்துவதும், ஈரம் புகாமல் தடுப்பதும் அந்த வார்னிஷ்தான். இத்தனையும் நடக்க வேண்டுமென்றால் அது உள்வரை வேக வேண்டும். ஸ்டேட்டருக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு இரவு முழுக்க வைத்தால், பல்புக்குப் பக்கத்தில் இறுகும்; இடுக்கில் பிசுபிசு என்று பச்சையாகவே இருக்கும். ஒரு சின்ன ஓவன் வாங்கினால் அந்தக் கடையின் பெயர் நிற்கும்.

தண்ணீருக்குள் வேறு சட்டை

எனாமல் பூச்சு காற்றில் ராஜா. தண்ணீருக்குள் அப்படி அல்ல. ஒரு ஊசிமுனை ஓட்டை போதும். தண்ணீர் செம்பைத் தொட்டுவிடும். பாலியெஸ்டர் வகைப் பூச்சைச் சூடான தண்ணீர் மெல்ல மெல்லச் சிதைக்கவும் செய்யும். எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் உடைப்பதை நீர்ப்பகுப்பு என்று இரண்டாம் வருஷத்தில் பரீட்சைக்கு எழுதினோமே, அதே வினைதான் இங்கே மோட்டாருக்குள் நடக்கிறது. அதனால் உள்ளே தண்ணீர் நிரப்பி ஓட்டும் சப்மர்சிபிள் மோட்டாருக்குச் சட்டையை மாற்றினார்கள். கம்பியின் மேல் பாலியெஸ்டர் ஃபிலிம் சுற்றி, அதற்கு மேல் பாலிபுரொப்பிலீன் நாடாவைச் சுற்றிச் சூட்டில் ஒட்டவைத்த வயர் வந்தது. கடையில் "பாலி வயர்" என்று கேட்டால் தருவது அதுதான். சப்மர்சிபிள் வைண்டிங் வயருக்கு ஐ.எஸ். 8783 என்று தனித் தரமே உண்டு. பாலிபுரொப்பிலீனுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. அதன் சங்கிலியில் தண்ணீர் பிடிக்கக் கைப்பிடியே இல்லை. எண்ணெய் தடவிய உடம்பில் மழைத்துளி ஒட்டாத மாதிரி.

ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. எனாமல் அளவுக்கு அது சூடு தாங்காது. காற்றில் ஓடும் மோட்டார் பொறுத்துக்கொள்கிற சூட்டை இது பொறுக்காது. ஆகவே, தண்ணீருக்குள் இருக்கிற மோட்டார் சூடாகாது என்று யாரும் எண்ண வேண்டாம். அதற்குத்தான் சூட்டுப் பயம் அதிகம்.

ஒட்டு எங்கே விடுகிறது?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வயரில் பூச்சு போடுவது ஆலையில், கணக்காக நடக்கிறது. கேபிளும் அப்படித்தான், ஐ.எஸ். 694 பார்த்து வாங்கினால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் மோட்டாரில் இருந்து வெளியே வருகிற குட்டிக் கேபிளையும், மேலே இருந்து இறங்கும் நீளக் கேபிளையும் இணைக்கிற அந்த அரை அடி ஜாயிண்ட் இருக்கிறதே, அது ஆலையில் செய்வது அல்ல. வெயிலில், மண்ணில், வியர்வைக் கையோடு, "சீக்கிரம் இறக்குங்க, கரண்ட் வர்ற நேரம்" என்ற அவசரத்தில் செய்வது. சட்டை கிழிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பாலக்கோடு பக்கம் ஒரு கொட்டாயில் ஒரே சீசனில் மூன்று தடவை மோட்டாரை மேலே தூக்கினார்கள். மூன்று தடவையும் மோட்டாரைத்தான் குற்றம் சொன்னார்கள். நான் ஜாயிண்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். பி.வி.சி. டேப் மட்டும் சுற்றியிருந்தார்கள், உள்ளே பசை கூழாகி, செம்பு பச்சை பூத்திருந்தது. "டேப்பு நல்ல கம்பெனி டேப்புதான் சார்" என்றார் மெக்கானிக். உண்மைதான். டேப் நல்ல டேப். ஆனால் அது செய்ய முடியாத வேலையை அதன் தலையில் கட்டியிருந்தார்கள்.

டேப்பின் சங்கதி என்ன? அமெரிக்காவில் த்ரீ-எம் நிறுவனம் 1946இல் வினைல் டேப்பைக் கொண்டுவந்தபோது பெரிய தலைவலியே பசைதான். பி.வி.சி.யை வளையவைக்க ஒரு எண்ணெய் போன்ற பொருளைச் சேர்க்கிறோம், பிளாஸ்டிசைசர் என்று பெயர். அது மெல்ல நகர்ந்து பசைக்குள் போய், ரப்பர் பசையைக் கூழாக்கிவிடும். அந்த நகர்வை அடக்கிய பிறகுதான் டேப் நிலைத்தது. இன்றைக்கும் மலிவு டேப்பைச் சூட்டில் ஒரு வருஷம் வைத்துப் பாருங்கள், கையில் பிசுபிசு என்று ஒட்டும். டேப்பின் நுனி எழுந்து நிற்கும். எது எப்படி இருந்தாலும், பி.வி.சி. டேப் என்பது அழுத்தினால் ஒட்டும் பசை உள்ள ஒரு நாடா. இரண்டு சுற்றுக்கு நடுவே எப்போதும் ஒரு மெல்லிய பாதை இருக்கும். நூறு மீட்டர் தண்ணீருக்கு அடியில், வளிமண்டலத்தைப் போலப் பத்து மடங்கு கூடுதல் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் அந்தப் பாதையைக் கண்டுபிடித்தே தீரும்.

அதனால்தான் முதலில் ரப்பர் டேப் வேண்டும். அதில் பசையே கிடையாது. இழுத்து நீட்டிச் சுற்றினால், ஒரு சுற்றின் சங்கிலிகள் அடுத்த சுற்றுக்குள் ஊடுருவிக் கொஞ்ச நேரத்தில் ஒரே கட்டியாகிவிடும். பிறகு அதைப் பிரிக்க முடியாது, கத்தியால்தான் அறுக்க வேண்டும். ஒட்டு என்பதன் உச்சம் அதுதான்: எது முதல் சுற்று, எது இரண்டாம் சுற்று என்று தெரியாமல் போவது. பி.வி.சி. டேப் அதற்கு மேலே போடும் துண்டு; உரசலில் இருந்து காப்பாற்றும், அவ்வளவுதான்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். மூன்று கம்பியின் இணைப்பும் பக்கத்துப் பக்கத்தில் வரக்கூடாது; படி படியாக மேலும் கீழும் தள்ளி வெட்டுங்கள். கம்பியை முறுக்கி விட்டுவிடாமல் பற்றவையுங்கள், அல்லது செம்புக் குழாய் போட்டு நசுக்குங்கள். தளர்ந்த இணைப்பு சூடாகும். உள்ளிருந்தே சட்டையைச் சுடும். கூர்முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கேபிளின் பி.வி.சி. தோலை இரண்டு பக்கமும் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, உலர்ந்த சுத்தமான துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், ரப்பரையும் ஊதவைக்கும். ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி, தோலின் மேலும் சில அங்குலம் போகும்படி சுற்றுங்கள். மேலே பி.வி.சி. டேப். கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் விடுங்கள்; இழுத்துவிட்ட நுனி ஒரு நாள் தானாகச் சுருங்கி எழுந்துவிடும்.

வசதி உள்ளவர்கள் சூட்டில் சுருங்கும் குழாய் வாங்கலாம். அது பாலித்தீன் வகை. ஆலையில் அதன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, பிறகு விரித்து வைத்திருப்பார்கள். சூடு பட்டதும் அது தன் பழைய உருவத்துக்குத் திரும்பும். உள்பக்கம் உருகும் பசை தடவிய குழாயையே கேளுங்கள். பசை இல்லாத குழாய் தண்ணீருக்குள் உதவாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சோதனை. ஜாயிண்ட் முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, ஜாயிண்ட்டை அதில் முக்கி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவே மெகர் வைத்துப் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே போனால் இறக்கக்கூடாது என்பது பழைய விதி. புது ஜாயிண்ட் அதைப் போலப் பல மடங்கு காட்ட வேண்டும். வாளியில் தோற்கிற ஜாயிண்ட், ஆயிரம் அடிப் போரில் ஜெயிக்குமா?

பணம் மட்டும் அல்ல, உயிர்

மோட்டாரைத் தூக்க வண்டிக்கூலி, ஆள்கூலி, காயில் கட்டும் செலவு, அதற்குள் வாடிய பயிர். இவையெல்லாம் பணக்கணக்கு. ஜாயிண்ட்டில் கசிகிற கரண்ட் இரும்புக் குழாய் வழியாக மேலே வந்து, காலையில் ஈரக் கையோடு குழாயைத் தொடுகிற ஒருவருக்காகக் காத்திருக்கிறதே, அது என்ன கணக்கு? மனித உடம்பு வழியாக 30 மில்லிஆம்பியர் ஓடினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. நம் ஃபியூஸ் கம்பி அதற்குப் பல நூறு மடங்கு ஓடினால்தான் உருகும். ஃபியூஸ் மோட்டாரைத்தான் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது நல்ல எர்த்தும், கசிவைக் கண்டதும் வெட்டுகிற ஆர்.சி.சி.பி.யும், முறையான ஜாயிண்ட்டும்.

சட்டையே இல்லாத கம்பி என்ன செய்யும் என்பதை நம் மாவட்டம் 2023 மார்ச்சில் பார்த்தது. மாரண்டஅள்ளி பக்கம் ஒரு நிலத்தில் சட்டவிரோதமாகக் கரண்ட் வைத்த வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் உயிர் பிழைத்து, இறந்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. பன்றிக்கு வைத்தாலும் வேறு எதற்கு வைத்தாலும், லைனில் இருந்து நேராக இழுத்த வெறும் கம்பி ஆள் பார்க்காது. அங்கே யானை, வேறு இடங்களில் வரப்பில் நடந்து போகிற நம் சொந்தக்காரர்கள்.

சட்டை கிழிந்த பிறகும் கதை முடிவதில்லை. பழைய வயரைச் செம்புக்காகத் திறந்த வெளியில் எரிக்கிறார்கள். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது ஈரத்தைத் தொட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எரிப்பவரின் நுரையீரலும் ஈரம்தான். டையாக்சின் என்கிற கொடிய நஞ்சும் அந்தப் புகையில் உண்டு. பழைய வயரை உரித்து விற்றால் செம்பு கறுக்காது, விலையும் கூடக் கிடைக்கும். எரிக்காதீர்கள் என்று உங்கள் தெருவில் சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, நாங்க டிகிரி படிக்கிறோம்" என்று யாராவது நினைத்தால், அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். 2004 வரை நம் மாவட்டமாக இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இன்று மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் இருக்கின்றன. அந்த மோட்டார்களுக்குக் கரண்ட், மின்னணுக் கருவி வழியாக விநாடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்பும் பூச்சைச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி. பூச்சுக்கு நடுவே காற்றுக் குமிழி இருந்தால் அங்கே நுண்ணிய மின்பொறி எழுந்து பாலிமரை அரிக்கும். அதைத் தாங்க, பூச்சுக்குள் நுண்ணிய கனிமத் துகள்களைக் கலக்கிறார்கள். பாலிமர் வேதியியல், இயற்பியல், மின்னியல் மூன்றும் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. நேர்முகத் தேர்வில் "எனாமல் பூச்சு எப்படிக் கெடுகிறது?" என்று கேட்டால், நோட்ஸில் இருப்பதைச் சொல்லாதீர்கள், வைண்டிங் கடையில் எரிந்த காயிலைக் கையில் எடுத்துப் பார்த்ததைச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஃபேஸின் காயில்கள் மட்டும் முழுசாக இருந்து மற்றவை கருகியிருந்தால் அது ஒரு கதை. எல்லாம் ஒரே மாதிரி கருகியிருந்தால் வேறு கதை. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் உருகியிருந்தால் இன்னொரு கதை. எரிந்த காயில் ஒரு பாடப்புத்தகம்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

கடைசியாக, நம் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நாம் ஆண்டுதோறும் கூடுகிறோம், சாப்பிடுகிறோம், மலர் போடுகிறோம். மகிழ்ச்சி. இதோடு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தைப் பம்ப் மெக்கானிக்குகளுக்குத் திறந்துவிடலாம். ஒரு மெகர், ஒரு தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் ரப்பர் டேப், ஒரு சின்ன ஓவன் இருந்தால் போதும். அவர்கள் ஜாயிண்ட் போட்டுக் காட்டட்டும். நம் மாணவர்கள் அதைச் சோதித்து, எங்கே தண்ணீர் புகுந்தது என்று சேர்ந்து பார்க்கட்டும். மெக்கானிக்குக்கு வேதியியல் கிடைக்கும், மாணவனுக்குக் கை வரும். வைண்டிங் தொழிலில் முப்பது வருஷம் பழகிய ஒருவரின் விரல்களுக்குத் தெரிந்தது எந்த நூலிலும் இல்லை. நூலில் உள்ளது அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டையும் ஒட்டுகிற பசையாக இந்தச் சங்கம் இருக்கட்டும். தொட்டிக்கும் மெகருக்கும் ஆகிற செலவில் என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். மற்ற நண்பர்களும் மதிய உணவுக்கு முன்னால் அவரைப் பார்த்துவிட்டால் நல்லது.